சாமியறையில் வாங்கிய காசுக்குப் பற்றுச்சீட்டு எங்கே?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அம்மாவும் அயலட்டைப் பெண்களும் நிதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிற ஒருவரிடம் வட்டிக்கென்று காசு கொடுத்து வந்தார்கள். கொடுக்கத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அவர் எங்கள் கோயில் பரிபாலன சபையின் பொருளாளர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. இப்போது பத்து மாதமாக வட்டியும் இல்லை, முதலும் இல்லை. ஊரில் பாதிப்பேர் 'அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை' என்கிறார்கள். மற்றப் பாதி 'பட்டை போட்டவன் எல்லாம் கள்ளன்' என்கிறது. கோயில் பெரியவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு, பொலிசுக்குப் போகாதே, கோயிலுக்கு அவமானம் என்று சொல்லிவிட்டார்கள். சனம் ஏன் இப்படி நடக்கிறது? நாங்கள் என்ன செய்வது?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதற்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்குப் போடுவதற்குக் காலவரையறை வைக்கும் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எழுத்தில் கொடுத்த வாக்குறுதியை வைத்துக் காசை மீட்க வழக்குப் போட 6 வருடம். வெறும் வாய்ப்பேச்சில் கொடுத்ததற்கு 3 வருடம்தான். பொலிஸ் முறைப்பாடு வேறு வழி, அதற்கு இந்தக் கணக்கு இல்லை. ஆனால் சிவில் வழக்கு என்று வந்தால், "திருவிழா முடியட்டும்", "காலபோகம் வெட்டி முடியட்டும்", "அவர் தாறன் எண்டுதானே சொல்லுறார்" என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் அம்மாவின் கையிலிருந்து கழிந்துபோன மாதம். கோயில் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். காசை வாங்கியவர் நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். அவருக்குத் தெரியும்.

நான் கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் சங்கக் கணக்குப் பார்த்த வேலை. நீங்கள் எழுதியதைப் போன்ற ஒன்றை அருகில் நின்று கண்டிருக்கிறேன். மீள்குடியேறிச் சில வருடம் ஆகியிருந்த ஒரு கிராமம். அங்கே மாதர் சங்கமொன்று, சின்னச் சேமிப்பு. வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆலோசகர் என்று வந்து சேர்ந்தார். அவர் சைவம் இல்லை, சபைக்குப் போகிறவர், ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிறவர். பெண்கள் கொண்டுவரும் காசை மேசையில் வைத்து, அதன்மேல் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எடுப்பாராம். வங்கிப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். கிளிநொச்சிக் கிளையில் பதியக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அந்த நேரம் என் அம்மா வருத்தமாக யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில். அதைக் கேட்டறிந்து, அம்மாவின் பேரைச் சொல்லி என் முன்னாலேயே கண்ணை மூடி ஜெபித்தார். அடுத்த மாதம் பார்ப்போம் என்று எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவர் அங்கே இல்லை. முதல் இரண்டு தடவைக் காசுதான் வங்கிக்குப் போயிருந்தது. கூட்டத்தில் எல்லாரும் கத்தினார்கள், ஒருத்தி மட்டும் ஒன்றும் பேசவில்லை. கணவனைக் காணாமல் போனோர் பட்டியலில் தேடிக்கொண்டிருந்த பிள்ளை அவள். கடைசியாக வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "காசு போனது போகட்டும், மிஸ். என்ர ஜெபத்தையும் கொண்டு போயிட்டார். இப்ப கண்ணை மூடினா அவற்ற குரல்தான் கேக்குது." பல வருடம் கணக்குப் பார்த்திருக்கிறேன், அந்த இழப்பைப் பதிய எந்தப் பேரேட்டிலும் ஒரு நிரல் இல்லை.

இனி, சனம் ஏன் இப்படி நடக்கிறது என்ற கேள்வி. வன்னியில் 2009க்குப் பிறகு மனிதரை மனிதர் எப்படி அறிந்துகொண்டார்கள் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். முள்ளிவாய்க்கால் வரை நடந்து, முகாமில் இருந்து, துண்டு துண்டாகத் திரும்பி வந்த சனம். மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில்தான் முழுதாக மூடியது. திரும்பி வந்தபோது காணிப் பேமிற் இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை, அடையாள அட்டைகூடப் பலரிடம் இல்லை. பக்கத்து வளவில் இருந்தவர் கனடாவில், அல்லது மண்ணுக்குள். புதிதாக வந்து குடியேறியவர் யார், எவர் என்று சொல்ல அறிந்த ஆள் இல்லை. அந்த நேரத்தில் பல கிராமங்களில் முதலில் நிமிர்ந்தது கோயிலும் தேவாலயமும்தான். தகரக் கொட்டிலில் விளக்கு வைத்தார்கள், பொங்கினார்கள், பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அங்கே பொறுப்பெடுத்து ஓடித் திரிந்தவர் எவரோ, அவரே நம்பத்தக்கவர் என்று ஊர் குறித்துக்கொண்டது. வேறு எந்தச் சான்றிதழும் மிஞ்சாத இடத்தில் திருநீறும் செபமாலையும் நற்சான்றிதழாகின. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படி நம்பியிராவிட்டால் அந்தக் கிராமங்கள் கிராமங்களாகத் திரும்பியிராது.

அந்த நேரத்தில்தான் காசும் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாக. அத்திவாரம் போட்டால் ஒரு பங்கு, சுவர் எழும்பினால் ஒரு பங்கு. சீமெந்தும் மணலும் விலையேற, பலர் முடிக்கக் கடன்பட்டார்கள், நகையை அடைவு வைத்தார்கள். ஏ9 வீதியோரம் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசையாகத் திறந்தன. அதற்குப் பின்னால் நுண்நிதிக் கடன்காரர், மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்து குழுவாகப் பெண்களை இருத்தி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை எழும்பவிடாமல் வைத்திருந்த காலம். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு வைக்கவும் நேர்ந்தது. 35 வீதம் நிவாரணமாகத் தெரிந்தது என்றால், அதற்கு முன் எவ்வளவு கறந்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

உங்கள் அம்மாவையும் மற்றப் பெண்களையும் அந்த வாசலில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் வந்து "ஏய், இண்டைக்குக் கட்டாமல் உள்ள போகேலாது" என்கிறான். இன்னொருவர் வந்து செருப்பைக் கழற்றி, "அக்கா, பிள்ளையள் சுகமோ" என்று கேட்டு, சாமியறைக்கு முன்னால் பாயில் இருந்து காசை வாங்குகிறார். யாரிடம் கொடுப்பார்கள்? வட்டிக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பாதி தெரிவதில்லை. மரியாதைக்கு ஏங்கியும் கொடுத்தார்கள். "பேராசை பெருநட்டம்" என்று ஏமாந்தவளின் முகத்துக்கு நேரே சொல்கிற ஊர்வாயை எனக்குப் பொறுக்க முடிவதில்லை. மாதம் ஐயாயிரம் ரூபா மிச்சம் பிடிக்கக் கோழி வளர்த்தவளிடம் போய்ப் பேராசை என்ற சொல்லைச் சொல்லலாமா?

"அவர் செய்யார்" என்று சொல்கிற பாதிப்பேரைப் பற்றி ஒன்று கேளுங்கள். அவர்களில் யார் யார் முதல் வருடத்தில் காசு போட்டு வட்டி ஒழுங்காக வாங்கியவர்கள் என்று பாருங்கள். உரத்துப் பேசுகிறவர்களில் பலர் அவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அவர் சொன்ன தேதியில் கொடுத்தார். ஆனால் முந்தி வந்தவருக்குப் பிந்தி வந்தவரின் முதலை எடுத்து வட்டி என்று கொடுப்பதுதான் இந்த மோசடியின் பொறிமுறையே. அவர்கள் வாங்கிய வட்டி உங்கள் அம்மாவின் முதல். இது அவர்களுக்கு மெல்ல விளங்கும்போது கோபம் அவர் மேல் வராது, முறைப்பாடு செய்யப் போகிறவர் மேல்தான் வரும். வாங்கியதைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அது.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. அமெரிக்காவில் பேர்னார்ட் மடொஃப் 2008 டிசம்பர் 11ஆம் திகதி கைதானார். யூத சமூகத்துக்குள் பெரிய மனிதர், நியூயோர்க்கின் யெசீவா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் சபைப் பொருளாளர், தர்ம நிறுவனங்களின் காசைக் கையாண்டவர். நாசிகளின் வதைமுகாமில் இருந்து தப்பிய எழுத்தாளர் எலி வீசலின் அறக்கட்டளையே ஏறத்தாழ 15 மில்லியன் டொலரை அவரிடம் இழந்தது. கணக்குப் புத்தகத்தில் காட்டிய தொகை 65 பில்லியன் டொலர் அளவு. மடொஃப் 150 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் ஏர்விங் பிக்கார்ட், போட்டதற்கு மேல் எடுத்தவர்களிடம் போய் அந்த மேலதிகத்தை மீட்டார். இதுவரை மீண்டது 14 பில்லியன் டொலருக்கு மேல். யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்று பதிவு இருந்தபடியால் அது முடிந்தது. அங்கும் சனம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி யூதர் எல்லாரையும் ஏசியது. யூதருக்குள் ஒரு பகுதி, வெளியில் பேசினால் நம் இனத்துக்கு அவமானம் என்று கூசியது. உங்கள் ஊரின் பட்டையும் கோயில் அவமானமும் அங்கே வேறு பேரில் இருந்தன.

அரிசோனா மாநிலத்தில் பப்ரிஸ்ற் சபையோடு சேர்ந்த ஒரு நிதியம் 1999இல் வங்குரோத்தானது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் காசு, பலர் முதியவர்கள், சபைகளுக்குள்ளேயே விற்ற பத்திரங்கள். அதன் கணக்காய்வாளர் உலகப் பேர்பெற்ற ஆர்தர் அண்டர்சன் நிறுவனம். 2002இல் அது 217 மில்லியன் டொலர் கட்டி இணங்கியது. பெங்களூரில் ஹலால் முதலீடு என்று முஸ்லிம்களிடம் காசு திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனத்தின் அதிபர் 2019 ஜூனில் நாட்டை விட்டு ஓடினார். நம் நாட்டிலும் 2008 டிசம்பரில் கோல்டன் கீ சரிந்தது. அது ஒரு கடன் அட்டை நிறுவனம், வைப்பு ஏற்க அனுமதி பெறாதது, பெரிய குழுமம் ஒன்றின் நற்பெயரை நம்பிச் சனம் போட்ட கோடிகள். ஆகவே "சைவக்காரன்தான் இப்படி", "அல்லேலூயாக்காரன்தான் இப்படி" என்று பேசுகிறவர்களின் பேச்சை ஒரு காதால் வாங்கி மறுகாதால் விடுங்கள். அந்தப் பேச்சால் ஒரு சதமும் திரும்பாது. களவெடுத்தவரை அது ஒரு கூட்டத்துக்குள் ஒளித்தும் விடுகிறது.

கோயில் பெரியவர்கள் சொன்னதற்கு வருகிறேன். அவர்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். அறநெறி வகுப்பில் நாங்கள் எல்லாரும் படித்த கதை அது. திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனார் அரசர். போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் உடைவாளை ஒளித்துக்கொண்டு வந்து குத்துகிறான். விழும்போதும் அரசர், "தத்தா, நமர்", அதாவது இவர் நம்மவர், என்று மெய்காவலன் தத்தனைத் தடுக்கிறார். நீறு பூசியவனுக்கு ஒரு கீறல் விழக்கூடாது. தத்தன் அவனை எல்லை கடத்திவிட்டு வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் கண் கலங்குகிற கதைதான். ஆனால் கதையை முழுதாகப் பாருங்கள். அரசர் மன்னித்தது தன் உடம்பில் இறங்கிய வாளை. அயல் வீட்டு விதவையின் நெஞ்சில் வாளை இறக்கிவிட்டு வந்தவனுக்கு "நமர்" என்று அவர் வழி விட்டதாக எங்கும் இல்லை. தன் காசை இழந்தவர் தன் காசை மன்னிக்கட்டும், அது அவர் பெருமை. உங்கள் அம்மாவின் காசை மன்னிக்கப் பரிபாலன சபைக்கு அதிகாரம் யார் கொடுத்தது?

மற்றச் சமயங்களிலும் இதே வழிதான். பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை யேசு கண்டித்தது மாற்கு சுவிசேஷத்தில் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வரி வாங்குகிற ஆயக்காரன் சகேயு மனம் திரும்பியபோது, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றுதான் சொன்னான். குர்ஆனின் மிக நீண்ட வசனம், 2:282, கடனைப் பற்றியது. எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்கிறது. பக்தி உள்ளவரிடம் எழுத்துக் கேட்பது அவரை அவமதிப்பது என்று நம்மிடம் யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது, சமயங்கள் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு விதமான பேச்சு ஊரில் வரும். "அந்தக் காலமெண்டா இப்பிடி நடந்திராது" என்பது ஒன்று. அந்தக் காலத்துப் பயத்தை நானும் கண்டவள். பயத்தால் ஒரு பேரேடு சமப்படுவதில்லை என்பதையும் கண்டவள். மற்றது சாபம். வற்றாப்பளை அம்மன் வாசலில் மண் அள்ளித் தூற்றுவது, கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்வது. வேறு வழி இல்லாத சனத்தின் நியாயமன்றம் அது, அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் கற்பூரத்தில் சத்தியம் பண்ணவைத்துவிட்டு, "இனி அவர் ஏமாத்தார்" என்று இன்னும் ஆறு மாதம் விட்ட ஊர்கள் உண்டு. சாமியறையில் உட்கார்ந்து காசை வாங்கிக் கையாடக் கூசாதவருக்குக் கற்பூரச் சத்தியம் எந்த மூலைக்கு?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முகநூலில் அவருடைய மனைவியின் படத்தையும் பிள்ளைகளின் படத்தையும் போட்டு ஏசுகிற வேலைக்கு நீங்கள் போகாதீர்கள், போகிறவர்களையும் தடுங்கள். முன்பு சொன்ன கிராமத்தில் அந்த மனிதருடைய மகள் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். அவள் ஒரு ரூபா எடுத்தவளில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவர் அந்தக் காசை வேலை பார்க்கிற நிறுவனத்தின் பேரில் வாங்கினாரா, தன் பேரிலா என்று முதலில் பிரித்தறியுங்கள். நிறுவனத்தின் பற்றுச்சீட்டோ முத்திரையோ இருந்தால் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தன் பேரில் வாங்கியிருந்தால், 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு ஏற்பதையே தடை செய்கிறது. மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது உரிமம் பெற்ற நிறுவனத்தில் முறையாக வைப்பிட்ட காசுக்கு மட்டும்.

பொலிஸ் முறைப்பாட்டை ஒவ்வொருவராகப் போகாமல் சேர்ந்து போய்க் கொடுங்கள். தனியாகப் போகிற பெண்ணை "இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கோ" என்று திருப்பி அனுப்புவது சுலபம். பதினைந்து பேர் ஒரே மனிதர், ஒரே வாக்குறுதி, ஒரே முறை என்று சொல்லும்போது அது கடன் தகராறாகத் தெரியாது. தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் வேறு, நம்பிக்கை மோசடி வேறு. வங்கியாளரோ முகவரோ தம்மிடம் ஒப்படைத்ததைக் கையாடினால் அதற்கென்றே 392ஆம் பிரிவு இருக்கிறது. எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி பார்க்கட்டும். கட்டணம் கொடுக்க வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது காணி சம்பந்தமாக அவருக்கு அற்றோர்னித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், எழுதிக் கொடுத்திருந்தால், அதை இரத்துச் செய்யச் சொல்லி இன்றே அறிவியுங்கள். காசில் கை வைத்தவர் உறுதியிலும் கை வைத்த கதைகள் எனக்குத் தெரியும்.

கோயில் சபையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். விசாரணை முடியும்வரை அவர் பொருளாளர் பொறுப்பில் இருந்து விலகியிருக்கட்டும், கோயில் கணக்கைப் பொதுச்சபையில் வையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் இராசகோபுரத்துக்கென்று அனுப்பிய காசும் அதே கையில்தானே இருக்கிறது. அவர் குற்றமற்றவர் என்றால் இதில் அவருக்கு நட்டம் இல்லை.

அம்மாவிடம் ஒரு கொப்பி இருக்கும், தம்பி. இந்தப் பெண்கள் எல்லாரிடமும் இருக்கும், பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில், திகதியும் தொகையும் தங்கள் எழுத்தில். அவர் கையெழுத்து இல்லை என்று அம்மா அதை ஒதுக்கி வைத்திருப்பார். ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் இன்று இரவே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், மற்றப் பெண்களின் கொப்பிகளையும் எடுத்துத் திகதி வரிசையில் அடுக்குங்கள். வட்டி வாங்கிய திகதிகளையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். பிறகு எல்லாரையும் ஒரு வானில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். வானுக்குக் காசு சேராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.